ரோபோ கையில் ஒரே கேபிளாக மின்சாரமும் டேட்டாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலையில் ஆறு அச்சு (ஆறு சுழலும் மூட்டுகள் கொண்ட) ரோபோவை நிறுவுகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் ஹைப்ரிட் கேபிளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எழுதும்போது மனத்தில் இருந்தது ரோபோவின் அடிப்பகுதியிலிருந்து மணிக்கட்டில் உள்ள கிரிப்பர் (பொருளைப் பிடிக்கும் கருவி), கேமரா, சிறு சர்வோ மோட்டார் (துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய மோட்டார்) வரை போகும் கேபிள். கன்ட்ரோலரிலிருந்து ரோபோ அடிப்பகுதி வரை தரையில் அசையாமல் கிடக்கும் கேபிள் சுலபமான விஷயம். அதைப் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை.

ஹைப்ரிட் கேபிள் என்று எதைச் சொல்கிறார்கள்?

மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகளும் டேட்டா கொண்டுபோகும் கம்பிகளும் ஒரே மேலுறைக்குள் இருந்தால் அது ஹைப்ரிட் கேபிள். சர்வோ மோட்டாருக்கான ஹைப்ரிட் கேபிளில் பொதுவாக மூன்று ஃபேஸ் கம்பிகள், ஒரு எர்த், பிரேக்குக்கு ஒரு ஜோடி, மோட்டாரின் சுழற்சியை அளக்கும் என்கோடருக்கு ஒரு ஜோடி இருக்கும். கிரிப்பருக்கான கேபிளில் 24 வோல்ட் ஜோடி ஒன்றோ இரண்டோ, கூடவே ஈதர்நெட்டுக்கு நான்கு கம்பிகள். சிலர் இதே உறைக்குள் காற்றுக் குழாயையும் சேர்த்துக் கேட்பார்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எந்த ரோபோவானாலும் ஹைப்ரிட் கேபிள்தான் நல்லதா?

இல்லை. விற்பனைக்கு வருகிறவர் "இடம் மிச்சம், எடை மிச்சம், கனெக்டர் மிச்சம்" என்பார். மூன்றும் உண்மைதான். நான்காவதாக ஒன்று உண்டு, அதை அவர் சொல்லமாட்டார். இரண்டு கேபிளை ஒன்றாக்கினால் கிடைப்பது இரண்டையும் விடப் பருமனான ஒரு கேபிள். வளைவு ஆரம் விட்டத்தின் மடங்காகத்தான் கணக்கிடப்படும். தலா 8 மி.மீ. விட்டமுள்ள இரண்டு கேபிள்களுக்கு, பத்து மடங்கு என்று வைத்தால், 80 மி.மீ. ஆரம் போதும். இரண்டையும் சேர்த்து 14 மி.மீ. கேபிள் ஆக்கினால் 140 மி.மீ. ஆரம் வேண்டும், அதாவது 28 செ.மீ. அகலமான வளையம். சிறிய ரோபோவின் மணிக்கட்டுப் பக்கத்தில் அவ்வளவு இடம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று, டேட்டா ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலும் முழுக் கேபிளையும்தான் மாற்றவேண்டும். கனெக்டர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இருக்கும் இடத்திலும், ரோபோ கையின் உட்துளை வழியாக ஒன்றுதான் நுழையும் என்கிற இடத்திலும், கருவியை அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்திலும் ஹைப்ரிட் கேபிளுக்கு அர்த்தம் உண்டு. மற்ற இடங்களில் இரண்டு மெல்லிய கேபிள்களை அருகருகே கட்டிவிடுவதே என் விருப்பம்.

தேர்வை எங்கிருந்து தொடங்குவது? ஆம்பியர் கணக்கிலிருந்தா?

அசைவிலிருந்து. ஆம்பியர் கணக்கு இரண்டாவது. ரோபோ கையில் போகும் கேபிள் ஓர் இயந்திர உறுப்பு. பேரிங், பெல்ட் போல அதற்கும் தேய்மானமும் ஆயுளும் உண்டு. மின் கணக்கு மட்டும் போட்டு வாங்கிய கேபிள் மின் காரணத்தால் செத்துப்போவது அபூர்வம். பெரும்பாலும் உள்ளே கம்பி இழை அறுந்துதான் சாகிறது.

முதலில் ஒரு தாளில் ஒவ்வொரு அச்சாக எழுதுங்கள்: அந்த இடத்தில் கேபிள் வளைகிறதா, முறுக்கிக்கொள்கிறதா, இரண்டும் சேர்ந்தா? அடிப்பகுதியிலிருந்து மணிக்கட்டு நோக்கி எண்ணினால், இரண்டாவது, மூன்றாவது அச்சுகளில் பெரும்பாலும் வளைவு. முதல், நான்காவது, ஆறாவது அச்சுகளில் முறுக்கு. ஐந்தாவதில் வளைவோடு, பக்கத்து அச்சுகளின் முறுக்கும் வந்து சேரும்.

முறுக்கை டிகிரியில் மட்டும் சொன்னால் போதாது, மீட்டருக்கு எத்தனை டிகிரி என்று சொல்லவேண்டும். ஆறாவது அச்சு இரு பக்கமும் 270 டிகிரி சுழல்கிறது, கேபிளைப் பிடிக்கும் இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே 0.6 மீட்டர் கேபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 270-ஐ 0.6-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 450 டிகிரி. முறுக்குக்கென்று விற்கப்படும் கேபிள்களில் மீட்டருக்கு 180 டிகிரி என்பது சாதாரணம், 360 என்பது உயர்ரகம். ஆக, உயர்ரகக் கேபிளும் இங்கே தாங்காது. கிளாம்பை நகர்த்தி இடைவெளியை 1 மீட்டர் ஆக்கினால் அது மீட்டருக்கு 270 டிகிரியாக இறங்கிவிடும். கேபிளை மாற்றாமல், ஒரு கிளாம்பை நகர்த்தியதிலேயே பிரச்சினை தீர்கிறது. ரோபோ புரோகிராமில் ஆறாவது அச்சின் சுழற்சியைக் குறைக்க முடியுமா என்றும் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

டிராக் செயினுக்கு வாங்கிய கேபிள் மிச்சம் இருக்கிறது. அதை ரோபோ கையில் போடலாமா?

வேண்டாம். டிராக் செயின் என்பது நகரும் பகுதியோடு கேபிளைச் சுமந்துபோகும் சங்கிலி. அதற்குள் கேபிள் ஒரே தளத்தில் முன்னும் பின்னும் வளையும். முறுக்கு கிட்டத்தட்ட இல்லை. அதற்கேற்ப உள்ளே எல்லாம் இறுக்கிக் கட்டப்பட்டு, பின்னல் ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போட்டு, மேலுறை இடுக்குகளுக்குள் அழுத்தி வார்க்கப்பட்டிருக்கும். முறுக்குக்கான கேபிளில் நேர் எதிர்: உள்ளே இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவேண்டும். அதற்காக நழுவும் டேப், நிரப்பு இழைகள், சற்றுத் தளர்வான அமைப்பு. பின்னல் ஷீல்டை முறுக்கினால் குறுக்கும் நெடுக்கும் போகும் இழைகள் ஒன்றையொன்று அறுத்துக்கொள்ளும். ஆகவே முறுக்கு அதிகமுள்ள இடத்தில் ஒரே திசையில் சுற்றிய சுருள் ஷீல்டுதான் நிலைக்கும்.

உள்ளே கம்பிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கவேண்டும்?

கம்பியின் இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 60228 தரநிலை கடத்திகளை வகுப்பாகப் பிரிக்கிறது. 1.5 சதுர மி.மீ. கம்பியில் வகுப்பு 5 என்றால் ஓர் இழையின் விட்டம் அதிகபட்சம் 0.26 மி.மீ., வகுப்பு 6 என்றால் 0.16 மி.மீ. ரோபோவுக்கு வகுப்பு 6-க்குக் கீழே இறங்காதீர்கள்.

இழையைவிட முக்கியம் முறுக்கிய விதம். மலிவான கேபிளில் கம்பிகள் அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டிருக்கும்: நடுவில் சில, சுற்றிலும் ஓர் அடுக்கு, அதற்கு மேல் இன்னோர் அடுக்கு. வளைக்கும்போது வெளி அடுக்கின் ஒரு பக்கம் நீளும், மறு பக்கம் சுருங்கும். சில லட்சம் வளைவுகளில் கம்பிகள் தம் இடத்தை விட்டு நகர்ந்து கேபிள் முழுவதும் திருகாணி போல முறுக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும், நேராகத் தொங்கவேண்டிய கேபிளில் அலை விழுந்திருக்கும்.

நல்ல கேபிளில் தேர் வடம் திரிப்பது போன்ற முறை. சில கம்பிகளை முதலில் ஒரு கட்டாகத் திரித்து, அப்படிப்பட்ட பல கட்டுகளை ஒரு மையத்தைச் சுற்றித் திரும்பத் திரிப்பார்கள். ஒவ்வொரு கம்பியும் வளைவின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் மாறி மாறி வந்துபோவதால் எந்த ஒன்றும் தனியாக இழுபடாது. இழுவிசையைத் தாங்க மையத்தில் ஒரு நாண் இருக்கும். ஹைப்ரிட் கேபிளில் டேட்டா ஜோடிக்கு அந்த மையத்தை ஒட்டிய இடமே சிறந்தது. நீட்சி அங்கேதான் குறைவு. தடித்த மின்கம்பிகள் வெளியே இருந்தால் சமாளித்துக்கொள்ளும்.

24 வோல்ட் லைனுக்கு 1.5 சதுர மி.மீ. போதுமா?

போட்டுப் பார்த்துவிடுவோம். கன்ட்ரோலரிலிருந்து கிரிப்பர் வரை 8 மீட்டர், கிரிப்பரும் துணைக் கருவிகளும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கின்றன. மின்சாரம் போய்த் திரும்பவேண்டும், எனவே கம்பி நீளம் 16 மீட்டர். செம்பின் தன்மின்தடை (1 மீட்டர் நீளம், 1 சதுர மி.மீ. கம்பியின் தடை) 0.0175 ஓம் என்று எடுத்தால் 1.5 சதுர மி.மீ. கம்பிக்கு 0.187 ஓம். பத்து ஆம்பியரில் 1.87 வோல்ட் வழியிலேயே போய்விடும், 7.8 சதவீதம். இயந்திரங்களின் மின் அமைப்புக்கான ஐஇசி 60204-1 தரநிலை 5 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கிறது. ஆகவே போதாது.

2.5 சதுர மி.மீ. போட்டால் 1.12 வோல்ட், 4.7 சதவீதம். தப்பித்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. இந்தக் கணக்கு 20 டிகிரி செல்சியஸுக்கானது. செம்பின் தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். சித்திரை மாதத்தில் தகரக் கூரை ஷெட்டில், மோட்டாரின் சூட்டோடு ஒட்டிக்கிடக்கும் கேபிளுக்குள் 60 டிகிரி என்பது வியப்பில்லை. அந்த வெப்பத்தில் இதே கம்பியில் 1.3 வோல்ட், 5.4 சதவீதம். காலையில் ஒழுங்காக ஓடிய கிரிப்பர் மதிய ஷிப்டில் மட்டும் "வோல்டேஜ் குறைவு" என்று அலாரம் அடிப்பதற்கு இது போதும்.

இன்னும் தடித்த கம்பி போட்டால் கேபிள் பருமனாகும், வளைவு ஆரம் கூடும். அதைவிட நல்ல வழி வோல்டேஜை உயர்த்துவது. கருவி அனுமதித்தால் 48 வோல்ட் கொடுங்கள். அதே 240 வாட்டுக்கு 5 ஆம்பியர்தான்; 1.5 சதுர மி.மீ. கம்பியிலேயே, 60 டிகிரியிலும் இழப்பு 2.2 சதவீதம். கம்பியில் வீணாகும் வெப்பமும் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

வோல்டேஜ் இழப்பு சரியாக இருந்தால் சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

வேண்டும். ஒரே உறைக்குள் பல கம்பிகள் ஒரே நேரத்தில் சுமை ஏந்தினால் கம்பியின் பருமனுக்கு எத்தனை ஆம்பியர் என்று சொல்லும் அட்டவணையில் உள்ள அளவைக் குறைத்துத்தான் எடுக்கவேண்டும். ஐஇசி 60204-1 அட்டவணை 40 டிகிரி சூழலுக்கானது. உங்கள் ஷெட் அதைத் தாண்டினால் இன்னும் குறையும். ஹைப்ரிட் கேபிளில் டேட்டா ஜோடி வெப்பம் உண்டாக்காது, ஆனால் பக்கத்துக் கம்பியின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். சூடேறினால் சிக்னல் தேய்மானமும் கூடும்.

மின்கம்பி பக்கத்திலேயே இருந்தால் டேட்டா கெடாதா?

24 வோல்ட் நேர்மின்சாரம் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. தொந்தரவு சர்வோ ட்ரைவிலிருந்து, அதாவது மோட்டாரை இயக்கும் மின்னணுக் கருவியிலிருந்து, வருகிறது. ட்ரைவ் மோட்டாருக்குக் கொடுப்பது வழவழப்பான சைன் அலை அல்ல. நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடும் சதுரத் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் மிகக் குறைந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறி இறங்குவதால், அந்த விளிம்புகள் மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் கிளப்பும். ஈதர்நெட் வேலை செய்வதும் அதே அலைவரிசைகளில்தான்.

ஆகவே டேட்டா ஜோடிக்குத் தனி ஷீல்டு, பிரேக் ஜோடிக்குத் தனி ஷீல்டு, எல்லாவற்றையும் சேர்த்து வெளியே ஒரு பொது ஷீல்டு வேண்டும். பிரேக் ஜோடியை மறந்துவிடுகிறார்கள். பிரேக்குக்குள் இருப்பது காந்தச் சுருள். அதை அணைக்கும் கணத்தில் எதிர் வோல்டேஜ் துள்ளும். அதை அடக்க அந்தச் சுருளுக்கு டயோடோ வேரிஸ்டரோ போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷீல்டை முடிக்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. ஷீல்டை முறுக்கி ஒரு வாலாக்கி எர்த் ஸ்க்ரூவில் மாட்டுவது பேனல் வேலையில் பழகிப்போன பழக்கம். உயர் அலைவரிசைக்கு அந்த வால் ஒரு தடை. ஷீல்டு போட்ட பலனில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். ஷீல்டைச் சுற்றிலும், 360 டிகிரியும் உலோகத்தோடு தொடும்படி கிளாம்பிலோ கனெக்டர் உடலிலோ பிடிக்கவேண்டும். மோட்டார் கேபிளுக்கு இரண்டு முனையிலும்.

காப்பு எத்தனை வோல்ட்டுக்கு இருக்கவேண்டும்?

உறைக்குள் இருக்கும் மிக உயர்ந்த வோல்டேஜுக்கு. வெவ்வேறு வோல்டேஜில் உள்ள கம்பிகள் ஒரே கேபிளில் போனால், இடையில் தடுப்பு இருக்கவேண்டும் அல்லது எல்லாக் கம்பிக்கும் உச்ச வோல்டேஜுக்கான காப்பு இருக்கவேண்டும் என்பது ஐஇசி 60204-1 விதி. 400 வோல்ட் மோட்டாரின் ஃபேஸ் கம்பிகளோடு, 300 வோல்ட் காப்புள்ள சாதாரண ஈதர்நெட் ஜோடியை ஒரே உறைக்குள் தள்ளி "ஹைப்ரிட்" என்று விற்றால் வாங்காதீர்கள். காப்பு என்றாவது தேய்ந்து விட்டுக்கொடுத்தால், அந்த வோல்டேஜ் ஈதர்நெட் வழியாகக் கன்ட்ரோலருக்குப் போகும். அங்கே ஒரு மனிதரின் கை இருக்கலாம்.

எர்த் கம்பி, ஃபேஸ் கம்பி 16 சதுர மி.மீ. வரை இருக்கும்போது, அதே பருமனில் இருக்கவேண்டும். இடம் போதவில்லை என்று அதை மட்டும் மெலிய வைக்கக்கூடாது.

சர்வோ மோட்டாருக்கு இப்போது ஒரே கேபிள்தான் என்கிறார்களே, அது எப்படி?

பழைய முறையில் மோட்டாருக்கு ஆரஞ்சு நிறத்தில் மின் கேபிள், என்கோடருக்குப் பச்சை நிறத்தில் சிக்னல் கேபிள் என்று இரண்டு போகும். என்கோடருக்கே எட்டு, பத்து கம்பிகள். என்கோடர் முழுக்க டிஜிட்டலாகி, டேட்டாவையும் தன் மின்சாரத்தையும் இரண்டே கம்பிகளில் கொண்டுபோகக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த ஜோடியை மோட்டார் கேபிளுக்குள் நுழைக்க முடிந்தது. ஜெர்மனியின் சிக் நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த ஹைபர்ஃபேஸ் டிஎஸ்எல் என்ற முறை இதில் பேர் பெற்றது. ஹைடன்ஹைன் நிறுவனத்தின் என்டாட் 3, அதே இரண்டு கம்பி வழியில் வந்தது. பெக்காஃப், சீமென்ஸ் போன்ற ட்ரைவ் தயாரிப்பாளர்களிடமும் ஒற்றைக் கேபிள் முறை உண்டு.

நினைவில் வைக்கவேண்டியது: ட்ரைவ், என்கோடர், கேபிள் மூன்றும் ஒரே மொழி பேசவேண்டும். பழைய மோட்டாரில் ஒற்றைக் கேபிளை மாட்டிப் பலன் இல்லை.

ஈதர்நெட்டும் 24 வோல்ட்டும் மட்டும் போதும் என்றால்?

அப்போது வேலை எளிது. ஈதர்கேட் பி என்ற முறையில், ஈதர்நெட்டுக்கான நான்கு கம்பிகளிலேயே இரண்டு தனித்தனி 24 வோல்ட் லைன்கள், தலா 3 ஆம்பியர் வரை, போய்விடும். சென்சார், வால்வுத் தொகுதி, சிறு கிரிப்பருக்கு இது தாராளம். கேமரா மட்டும் என்றால் பிஓஇ (ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) இருக்கிறது. 2003-இல் வந்த முதல் தரநிலையில் 15.4 வாட், 2009-இல் 30 வாட், 2018-இல் 90 வாட் வரை என்று வளர்ந்திருக்கிறது. இவை அனுப்பும் முனையில் உள்ள அளவுகள். போய்ச் சேர்வது இதைவிடக் குறைவு.

ஒரு நொடிக்கு 100 மெகாபிட் போதும் என்றால் நான்கு கம்பி கேபிளோடு நின்றுவிடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று எட்டுக் கம்பி கேட்6ஏ (உயர்வேக ஈதர்நெட் கேபிள் வகை) வாங்குகிறவர்கள் உண்டு. முறுக்குக்கு ஆளாகும் இடத்தில் எட்டுக் கம்பி என்பது அறுந்துபோகக்கூடிய எட்டு இடங்கள். உயர்வேகக் கேமராவுக்கு மட்டும் அது அவசியம்.

மேலுறைக்கு எந்தப் பொருள்?

அசையும் இடத்துக்குப் பியூஆர் எனப்படும் பாலியூரித்தேன். எண்ணெய், கூலன்ட், உராய்வு மூன்றையும் தாங்கும். பிவிசி மலிவு, ஆனால் எண்ணெயில் நாளடைவில் இறுகி வெடிக்கும். உள்ளே கம்பியின் காப்புக்கும் பிவிசி வேண்டாம், டிபிஇ எனப்படும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் அல்லது பாலிபுரொப்பிலீன் நல்லது. வெல்டிங் ரோபோவில் தீப்பொறி விழுந்தால் பியூஆரும் உருகும். மேலே தடுப்பு உறை போடவேண்டும்.

காற்றுக் குழாயையும் உள்ளே வைத்துவிடலாமா?

செய்து தருவார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. அழுத்தம் ஏறிய குழாய் விறைக்கும், அதைச் சுற்றியுள்ள கம்பிகளின் அசைவு மாறும். சில நூறு ரூபாய்க் குழாய் ஒழுகியதற்காகப் பல ஆயிரம் ரூபாய்க் கேபிளைக் குப்பையில் போடவேண்டி வரும். குழாயை வெளியே கட்டுங்கள்.

"ஐம்பது லட்சம் சுழற்சி உத்தரவாதம்" என்றால் எத்தனை வருடம்?

பத்து விநாடிக்கு ஒரு சுழற்சி, நாளுக்கு 20 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 21 லட்சத்து 60 ஆயிரம் சுழற்சி. ஐம்பது லட்சம் என்பது இரண்டேகால் வருடம் மட்டுமே. ஒரு சுழற்சிக்குள் கேபிள் இரண்டு முறை வளைந்தால் அதிலும் பாதி. எந்த வளைவு ஆரத்தில், மீட்டருக்கு எத்தனை டிகிரியில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு வேகத்தில் சோதித்தார்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பவேண்டாம்.

மாட்டும்போது கவனிக்கவேண்டியது?

சுருளைத் தரையில் போட்டு வளையம் வளையமாக உருவாதீர்கள். அப்படி உருவும்போது ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழு முறுக்கு கேபிளில் ஏறும். ரோபோ ஓடத் தொடங்கும் முன்பே ஆயுளில் ஒரு பகுதி போய்விட்டது. ரீலைச் சுழலவிட்டு இழுங்கள். அச்சிட்ட எழுத்து வரிசை கேபிளின் ஒரே பக்கத்தில் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். சுற்றிச் சுற்றி வந்தால் முறுக்கு இருக்கிறது என்று பொருள்.

கேபிள் டையை அசையும் பகுதியில் இறுக்கவே கூடாது. பிடிப்பு அகலமான கிளாம்பில், அசையாத முனைகளில் மட்டும். கனெக்டருக்கு மிக அருகில் வளைவு தொடங்காமல் சில செ.மீ. நேராக விடுங்கள். அறுபடும் இடங்களில் கனெக்டரின் பின்புறம் முதலிடத்தில் இருக்கிறது.

அவ்வப்போது கோளாறு வருகிறது, ரோபோவை நிறுத்திச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. எப்படிப் பிடிப்பது?

இழை அறுந்த கேபிளின் குணமே இதுதான். நேராக இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், குறிப்பிட்ட ஒரு நிலையில் மட்டும் பிரியும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு நின்ற ரோபோவில் தேடிப் பயனில்லை.

ஈதர்கேட், புரோஃபிநெட் என்ற தொழிற்சாலை ஈதர்நெட் முறைகள் இரண்டிலும் போர்ட்டுக்குப் போர்ட் பிழைக் கணக்கு இருக்கிறது. அதைத் திரையில் திறந்துவைத்து, ரோபோவை டீச் மோடில் (கையால் இயக்கும் முறையில்), குறைந்த வேகத்தில், ஒவ்வோர் அச்சாக அதன் எல்லைக்குக் கொண்டுபோங்கள். எந்த அச்சு எந்தக் கோணத்துக்கு வரும்போது எண்ணிக்கை ஏறுகிறதோ, அந்த அச்சின் அருகில்தான் அறுபட்ட இடம்.

கேபிளைக் கழற்றிய பிறகு மேலுறையைப் பிளந்து பாருங்கள். ஷீல்டு இழைகள் பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தால் முறுக்கு அளவுக்கு மீறியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு கம்பியையும் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். உள்ளே செம்பு முழுதாக இருக்கும் இடத்தில் கம்பி விறைப்பாக நிற்கும். அறுந்த இடத்தில் காப்பு மட்டும் ரப்பர் போல நீண்டு மெலியும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அந்த இடம் கிளாம்பிலிருந்து எத்தனை செ.மீ. என்று குறித்துவையுங்கள். அடுத்த கேபிளும் அதே தூரத்தில் அறுந்தால் கேபிளைக் குறைசொல்லாதீர்கள், கிளாம்பை மாற்றுங்கள்.

தயாரிப்பாளரிடம் நம் தேவைக்கென்று தனியாகச் செய்துதரக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் தனி வடிவமைப்புக்குக் குறைந்தபட்ச ஆர்டர் நீளம் என்று ஒன்று வைப்பார்கள். இரண்டு ரோபோவுக்குத் தேவையான முப்பது மீட்டருக்காக ஒரு ரீல் முழுவதும் வாங்கவேண்டி வரும். முதலில் கேட்லாக்கில் உள்ளவற்றில் உங்கள் தேவைக்கு மிக நெருங்கியதைப் பிடித்து, அதற்கேற்பக் கிளாம்பையும் வளையத்தையும் அமைக்கப் பாருங்கள். தனியாகத்தான் வேண்டும் என்றால் விட்டம், மீட்டருக்கான முறுக்கு, வளைவு ஆரம், ஒவ்வொரு லைனின் வோல்ட், ஆம்பியர், டேட்டா வேகம், சூழல் வெப்பம், படும் திரவம், எதிர்பார்க்கும் சுழற்சி எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். கூடவே ரோபோ ஓடும் வீடியோ ஒன்றையும் அனுப்பிவிடுங்கள். முறுக்கும் வளைவும் சேர்ந்து வரும் இடத்தை எண்களைவிட அது தெளிவாகக் காட்டும்.